கூண்டுக்கு வெளியே ஒரு 'நான்'

அந்த மழைக்காலம் முழுவதும் தெருவில் எல்லோரும் அவளிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "நீங்க ஏன்தான் ஒத்துக்க மாட்டேங்கறீங்க?"

ரொட்டிக்கடைக்காரர் ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே கேட்டார். துணி தேய்ப்பவர் பெட்டியின் சூட்டை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார். பேருந்தில் முன்பின் தெரியாத ஒரு பெரியவர் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்துவிட்டு, "ஒரு வார்த்தைதானேம்மா, ஒத்துக்கிட்டா கிரீடமா இறங்கிடும்?" என்றார்.

ஒத்துக்கொள்ள அவளிடம் ஒன்றும் இல்லை. அவள் நகர நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். பக்கத்து நாட்டு மொழியும் நம் மொழியும் அறிந்தவள். நீதிமன்ற உணவகத்தில் அவளுக்கு 'ரெட்டை நாக்கு' என்று பெயர். வேறு யாரையாவது அப்படிச் சொன்னால் சண்டை வரும். அவளைச் சொன்னால் அது பதவி.

அந்த வேலையின் விதி மிகச் சிறியது. கூண்டில் நிற்பவர் 'நான்' என்றால் அவளும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். 'போனாராம், பார்த்தாராம்' என்று கதை சொல்லக் கூடாது. தட்டச்சர் அவளுடைய குரலை மட்டுமே கேட்டு அடிப்பார். ஆகவே நீதிமன்றத்தைப் பொறுத்தவரை, கூண்டில் நிற்பவரின் நாக்கு கூண்டுக்கு வெளியே ஒரு மர ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறது. இத்தனை வருடங்களில் அவள், மாட்டைத் தேடி எல்லை தாண்டிய கிழவராக இருந்திருக்கிறாள். பனியில் திசை தவறிய படகோட்டியாக இருந்திருக்கிறாள். மாமனாரை அடித்துவிட்டு ஆற்றில் குதித்து இக்கரை சேர்ந்த மருமகனாகவும் இருந்திருக்கிறாள். கிழவராக இருந்த அன்று வீட்டுக்கு வந்ததும் இடுப்பு வலித்தது. கணவன் தைலம் தேய்த்துவிட்டு, "மருமகனா இருந்தன்னிக்கு எங்கப்பா தப்பிச்சது பெரிய விஷயம்" என்றான். அவன் மின்விசிறி பழுது பார்ப்பவன். சுற்றுகிற எதையும் பார்த்துப் பயப்பட மாட்டான்.

இந்த முறை கூண்டில் நின்றவர் ஒரு நிருபர்.

இரண்டு நாடுகளுக்கும் நடுவே ஒரு ஆறு ஓடுகிறது. ஆறு ஒன்றுதான், பெயர் இரண்டு. இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள்; இங்கே அந்தப் பச்சைக்கு யார் தண்ணீர் விடுவது என்பதில்தான் சண்டை. அதைப் பேசித் தீர்க்க அவர்கள் தரப்பு வந்தபோது, செய்தி எழுத முறையான அனுமதியோடு வந்தவர் இந்த நிருபர். பேச்சு தேநீர் ஆறுவதற்குள் முறிந்துவிட்டது. எழுத ஒன்றும் இல்லாமல் அவர் பாலம்வரை நடந்தார். மழை பிடித்துக்கொண்டது. பாலத்தின் கைப்பிடிச் சுவரோரம் ஒரு நாய் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தது. அதைப் படம் எடுத்தார். நாய்க்குப் பின்னால் பாலமும் படத்தில் விழுந்துவிட்டது. பாதுகாக்கப்பட்ட இடத்தைப் படமெடுத்த குற்றத்துக்காகப் பிடித்துக்கொண்டார்கள்.

அடுத்த வாரமே அக்கரையில் நம் நிருபர் ஒருவரைப் பிடித்தார்கள். அவர் எடுத்ததும் பாலம்தான். வேறு பாலம், அதே ஆறு.

அதற்குப் பிறகு இரண்டு வழக்குகளும் கண்ணாடியும் முகமும் போல நடந்தன. இங்கே வாய்தா என்றால் அங்கேயும் வாய்தா. அங்கே நீதிபதிக்குக் காய்ச்சல் என்று செய்தி வந்தால், இங்கே நீதிபதி தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது போல, செய்தித்தாள்கள் விற்றுத் தீர்ந்தன. அவர்கள் தாளில் அவர் வீரர், நம் தாளில் உளவாளி. அவரை உளவாளி என்று எழுதிய நம் ஊர் நிருபர்களே இடைவேளையில் அவளிடம் வந்து, "அவருக்குப் பேனா ஏதாவது வேணுமான்னு கேளுங்க" என்று மெதுவாகச் சொல்வார்கள். ஒரே தொழில் அல்லவா. நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவரை 'எதிரி' என்று எழுதுவது எப்போதும் உள்ள வழக்கம். இந்த வழக்கில் அந்தச் சொல்லுக்கு வேலை கூடிப்போனது.

கூண்டுக்கு மேலே உயரத்தில் நீளமான ஜன்னல்கள். மழை இல்லாத பிற்பகல்களில் அவற்றின் வழியே வெளிச்சம் இறங்கி, வக்கீல்களின் மேசையைக் கடந்து, அவள் மடிக்கு வந்து சேரும். அந்த நேரத்தில்தான் நிருபர் அதிகம் பேசுவார். பயந்த குரல் அல்ல. தொலைபேசியில் செய்தி சொல்லிச் சொல்லிப் பழகியவர் என்பதால், எதிர்முனையில் யாரோ எழுதிக்கொள்கிறார்கள் என்பது போல நிதானமாக, ஒவ்வொரு சொல்லையும் இறக்கி வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார்.

அவளுடைய அம்மா அக்கரையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். பாலத்தில் கல்யாண வண்டிகள் போய்வந்த காலம் அது. அம்மா சமையலறையில் நம் மொழி பேசுவாள், கடையில் நம் மொழி பேசுவாள். மகளுக்குத் தலைவாரும்போது மட்டும் தன் மொழிக்குப் போய்விடுவாள். அம்மா போன பிறகு அந்த மொழியில் அவளிடம் பேசியவர்கள் எல்லோரும் கூண்டில் நின்று நடுங்கியவர்கள். சாதாரணமாக, ஒரு நாயைப் பற்றியும் மழையைப் பற்றியும், அந்த மொழியில் ஒரு குரலை அவள் வெகுகாலமாகக் கேட்டதில்லை. நிருபர் பேசப் பேச, சீப்பு தலையில் மெல்ல இறங்குவது போல இருக்கும். வெளிச்சம் மடியில் கிடக்கும். மின்விசிறி கிறீச்சிடும். அவள் வாய் நம் மொழியில் சொல்லிக்கொண்டிருக்கும். அவளோ வேறெங்கோ ஈரத் தலையோடு உட்கார்ந்திருப்பாள்.

வாக்கியம் முடியும்வரை காத்திருந்து பிறகு பேச வேண்டும் என்பது முறை. முதல் வாரங்களில் காத்திருந்தாள். பிறகு அவர் முடிக்கும்போதே தொடங்கினாள். பிறகு இருவர் குரலும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு ஓடின. அரசு வக்கீல் எங்கே தொடங்கினாலும், சுற்றிச் சுற்றிச் சுப்பர் கொல்லை என்பது போல, அந்தக் கேள்விக்குத்தான் வந்து சேர்வார். "படம் எடுக்கக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியுமா?" நிருபர் தன் மொழியில் ஒரு சின்னச் சொல் சொல்வார். அவள், "தெரியாது" என்பாள். கேள்வி வேறு உடை உடுத்திக்கொண்டு மறுநாளும் வரும். அதே சின்னச் சொல். "தெரியாது." கடைசியில் நிருபரே அந்த ஒரு சொல்லை நம் மொழியில் அடையாளம் கண்டுகொண்டார். அவள் சொல்லும்போது தலையசைப்பார்.

வீட்டிலும் அது தொடர்ந்தது. கணவன் "சாப்டியா?" என்று கேட்டால், முதலில் வேறு யாரோ பதில் சொல்லட்டும் என்பது போல ஒரு நொடி காத்திருப்பாள். ஒரு நாள் அரைத் தூக்கத்தில், "நான் நாயைத்தான் எடுத்தேன்" என்றாள்.

"எடுத்தது நீயா அவரா, தெளிவா சொல்லு" என்றான் அவன். "நீன்னா நாய் எங்க? அதுக்கும் சேத்து சோறு வைக்கணுமே."

சிரித்துவிட்டுத் திரும்பிப் படுத்தாள். ஆனால் கீழ்வீட்டை நினைத்ததும் சிரிப்பு நின்றது. கீழ்வீட்டில் இருப்பவர் ஒரு பள்ளி ஆசிரியை. அக்கரையில் பிடிபட்ட நம் நிருபரின் மனைவி. மாடிப்படி அவர் வாசலை ஒட்டித்தான் ஏறும். மாலையில் அவள் காலடி கேட்டதும் டீச்சர் கதவைப் பாதி திறந்து நிற்பார். தெருவில் மற்றவர்கள் கேட்ட கேள்வியை டீச்சர் ஒருநாளும் கேட்டதில்லை. "இன்னிக்கி என்ன சொன்னீங்க?" என்று மட்டும் கேட்பார். "தெரியாதுன்னு சொன்னேன்" என்பாள் இவள். டீச்சர் தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்துவார். இங்கே ஒருவர் ஒத்துக்கொண்டால்தான் அங்கே ஒருவர் வெளியே வர முடியும் என்பது ஊருக்கே தெரிந்திருந்தது. ஒத்துக்கொண்டால் தண்டனை, தண்டனை வந்தால் மன்னிப்பு, மன்னிப்பு கிடைத்தால் இவரைக் கொடுத்து அவரை வாங்கிக்கொள்ளலாம். குற்றமே இல்லை என்று விட்டுவிட்டால், பிறகு எதற்குப் பிடித்தாய் என்று எதிர்த்தரப்பு கேட்கும் அல்லவா.

ஒரு வழியாக அதற்கு நாள் குறித்தார்கள். வெளியுறவுத்துறையிலிருந்து ஓர் அதிகாரி விசாரணைக்கெல்லாம் வந்து பின்வரிசையில் உட்கார்வார். வெயிலோ மழையோ கையில் நீளக்குடை இருக்கும், அதனால் குடைக்காரர் என்றே எல்லோரும் சொல்வார்கள். அவர் நடைபாதையில் அவளை நிறுத்தி, விஷயத்தைத் தண்ணீர் பட்ட பாடாகச் சொன்னார். அவர்கள் தூதரகத்து ஆள் சிறைக்குப் போய் நிருபரிடம் பேசிவிட்டாராம். நிருபரும் சரி என்றுவிட்டாராம். அக்கரையிலும் அப்படியே. நாளைக் காலை இரண்டு நீதிமன்றங்களிலும் அதே கேள்வி, அதே பதில். வாரக் கடைசியில் பாலத்தில் கைமாற்றம்.

"ஒரே வார்த்தை," என்றார் குடைக்காரர். "தெரியும். அவ்வளவுதான் உங்க வேலை."

அன்று மாலை டீச்சர் வாசலில் ஒரு சைக்கிள் நின்றது. அவர் கணவருடையது. டீச்சர் கம்பிகளைத் துடைத்து எண்ணெய் போட்டிருந்தார். "காத்து அடிச்சு வெச்சிருக்கேன்," என்றார். "வந்ததும் எங்கயாவது கெளம்பிடுவார். வீடு தங்க மாட்டார்." சொல்லிவிட்டு டயரைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். இவளும் அழுத்திப் பார்த்தாள். கல் மாதிரி இருந்தது.

மறுநாள் காலையிலிருந்தே மழை. ஜன்னல்களில் வெளிச்சம் இல்லை. நீர் வழிந்து கண்ணாடி முழுவதும் கலங்கித் தெரிந்தது. அறை ஆற்றுக்கு அடியில் இருப்பது போல இருந்தது. நிருபர் முகம் மழித்து வந்திருந்தார். தூதரகத்து ஆள் ஒரு பக்கம், குடைக்காரர் ஒரு பக்கம். நீதிபதி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இன்று கேள்வியைத் தானே கேட்டார்.

"அந்தப் பாலத்தைப் படம் எடுக்கக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவள் அதை அம்மாவின் மொழியில் நிருபரிடம் சொன்னாள். நிருபர் மூச்சை இழுத்தார். இழுத்த மூச்சு வெளியே வரவில்லை. மழை கூரையில் பேசிக்கொண்டிருந்தது. மின்விசிறி ஒரு சுற்று வந்தது, இன்னொரு சுற்று வந்தது. எங்கோ சீப்பு இறங்கியது. எத்தனையோ பிற்பகல்களாக அந்தக் கேள்விக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த சொல், தன் நேரம் வந்துவிட்டது என்று எழுந்து நடந்து வந்தது.

"தெரியாது," என்றாள் அவள்.

தட்டச்சு இயந்திரம் டக்கென்று அதை ஏற்றுக்கொண்டது. நிருபர் இன்னும் வாயே திறக்கவில்லை.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். தன் வாயால் இன்னொருவரைக் கெடுப்பது எந்தத் தவளைக்கும் வாய்த்ததில்லை. நிருபர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அந்த ஒரு சொல்தான் அவருக்குத் தெரியுமே. அவர் முகத்தில் கோபம் இல்லை. தெருவில் நடக்கையில் பின்னாலிருந்து தன் பெயரை யாரோ கூப்பிட்டது போலப் பார்த்தார்.

அவள் எழுந்து நின்றாள். "ஐயா, அவர் இன்னும் பேசல. அது நான் சொன்னது."

"எந்த நான்மா?" என்றார் நீதிபதி.

பின்வரிசையில் சிரிப்பு எழுந்து அடங்கியது. நீதிபதி சிரிக்கவில்லை. உண்மையாகவே கேட்டார். அவள், பழக்கத்தில் வந்துவிட்டது, கூண்டில் இருப்பவர் சொன்னதல்ல என்று விளக்கினாள். நீதிபதி கேள்வியை மறுபடி கேட்கச் சொன்னார். அவள் கேட்டாள். இந்த முறை உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

நிருபர் நிதானமாகப் பேசினார், தொலைபேசியில் செய்தி சொல்வது போலவே. இன்று காலை வேறொரு சொல்லோடு வந்ததாகச் சொன்னார். சிறை அறையில் சுவரைப் பார்த்துச் சொல்லிப் பழகியதாகவும் சொன்னார். ஆனால் இந்தக் குரலில் அந்தப் பழைய சொல்லைக் கேட்டதும், புதியது தொண்டைக்குள்ளேயே நின்றுவிட்டது. அங்கே பலகை இல்லை, யாரும் தடுக்கவும் இல்லை. உண்மை அதுதான். ஆகவே இந்த அம்மா சொன்னதே தன் பதில் என்று முடித்தார்.

அவளுக்கு நேராகப் பின்வரிசை. குடைக்காரருக்கு அக்கரை மொழி தெரியும். அவர் குடையின் முனையைத் தரையில் மெல்ல ஒரு தட்டு தட்டினார். தூதரகத்து ஆள் தன் காலணியைக் குனிந்து பார்த்தார். இரண்டும் சொன்னது ஒன்றுதான்: நீ 'தெரியும்' என்று சொல்லிவிடு, இங்கே எவரும் வாய் திறக்க மாட்டோம். தட்டச்சரின் விரல்கள் காத்திருந்தன. அவளுக்குள் ஒரு சைக்கிள் மழையில் நின்றது. அந்தச் சொல் நாக்கின் நுனிவரை வந்ததை அவளால் மறுக்க முடியாது.

பிறகு அவள் சொன்னாள்.

"இந்த அம்மா முந்திச் சொன்னதுதான் என் பதில். எனக்குத் தெரியாது. அங்க பலகை எதுவும் இல்ல. இன்னிக்கி வேற மாதிரி சொல்லணும்னுதான் வந்தேன். என்னால முடியல."

சொல்லி முடித்ததும் உட்கார்ந்தாள். அந்த அறையில் யாருடைய குரல் யாருடையது என்ற குழப்பம் அந்த நொடியில் அவளுக்கு இல்லை. நீதிபதி வாய்தா போட்டார். தேதி குறிப்பிடவில்லை.

நடைபாதையில் குடைக்காரர் அவள் முகத்தைப் பார்க்காமலே நடந்தார். "ரெண்டு நாட்டுக்கும் நடுவுல ஒரு வார்த்தை கேட்டேன்," என்றார். அடுத்த வாரம் அவளைப் பத்திரப் பிரிவுக்கு மாற்றி உத்தரவு வந்தது.

நீதிமன்றத்தில் அது நடந்த அன்று மாலையே டீச்சர் வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. செய்தி அவளுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. நடந்ததை நடந்தபடி அவள் சொன்னாள். தன் தவறையும் மறைக்கவில்லை. டீச்சர் கதவைப் பிடித்தபடியே கேட்டார். பிறகு, "மொத தடவ வாய் தவறிடுச்சு, சரி," என்றார். "ரெண்டாவது தடவ, தெரிஞ்சேதான சொன்னீங்க? மாத்தியிருக்கலாமில்ல?"

"என் வார்த்தையா இருந்தா மாத்தியிருப்பேன் டீச்சர்."

டீச்சர் கதவைச் சாத்தினார். அறைந்து சாத்தியிருந்தால் பரவாயில்லை. தூங்குகிற குழந்தை இருக்கும் வீட்டில் சாத்துவது போல ஓசையில்லாமல் சாத்தினார்.

பத்திரப் பிரிவு நீதிமன்றத்தின் பின்கட்டில், ஜன்னல் இல்லாத அறை. அங்கே அவள் நிலங்களின் நான்கெல்லைகளைப் படி எடுத்தாள். வடக்கே அண்ணன் நிலம், தெற்கே தம்பி நிலம், கிழக்கே ஓடை, மேற்கே பொதுப்பாதை. யாரும் 'நான்' என்று பேசாத அறை அது. சில பிற்பகல்களில் எழுதிக்கொண்டே போகும்போது அண்ணன் நிலமும் தம்பி நிலமும் நீரில் மிதப்பது போலத் தோன்றும். ஓடைக்கு நடுவே ஒரு நாய் நின்று பார்க்கும். பேனாவை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். கணவன் மட்டும் விடாமல் பேச்சுக் கொடுத்துப் பார்த்தான். "இப்பவாவது நீ நீயா இருக்கியே, அதுவே போதும்" என்றான். தெருவில் கேள்விகள் நின்றுபோயின. ரொட்டிக்கடைக்காரர் ரொட்டியைச் சுற்றிப் பேசாமல் நீட்டினார். கேள்வியே தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. வாசலில் சைக்கிளின் டயர் தானாகவே மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. ஏறும்போதும் இறங்கும்போதும் அதைப் பார்க்காமல் இருக்கக் கற்றுக்கொண்டாள்.

மழை ஓய்ந்து பனி தொடங்கியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மாடிப்படியில் வழக்கமில்லாத காலடி கேட்டது. கதவைத் திறந்தால் டீச்சர். தலை வாராமல் இருந்தது. கையில் அன்றைய செய்தித்தாள். வாசலிலேயே நின்று, "அவரும் சொல்லிட்டார்," என்றார்.

இங்கே வாய்தா விழுந்ததும் அக்கரை நீதிமன்றத்திலும் அன்றைய கேள்வியை ஒத்திப்போட்டிருந்தார்கள். இப்போது கேட்டிருக்கிறார்கள். இங்கே நடந்தது எப்படியோ நம் நிருபர் காதுக்குப் போயிருக்கிறது. அவரும் தெரியும் என்று சொல்லத்தான் கூண்டேறியிருக்கிறார். ஏறி நின்று, தெரியாது என்றுவிட்டார்.

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். அழப்போகிறார் என்று இவள் தண்ணீர் எடுத்தாள். டீச்சரோ சிரித்தார். "அப்படியே காப்பியடிச்சிருக்கார் பாருங்க. எங்க பள்ளிக்கூடத்துல பசங்க இப்படி அடிச்சா நான் விடுவேனா? எழுப்பி நிக்க வெச்சிருப்பேன்." பிறகு தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்தார். "அவரும் பொய் சொல்லி வந்திருந்தா, அப்புறம் எதை எழுதினாலும் நானே நம்பியிருப்பேனான்னு தெரியல," என்றார். அன்றைக்குப் பிறகு கதவு மறுபடி பாதி திறக்கத் தொடங்கியது. ஆனால் வருத்தம் முழுக்கப் போய்விடவில்லை. சில மாலைகளில் திறக்காது. அதுவும் நியாயம்தான் என்று அவள் மேலே ஏறிப் போவாள்.

இப்போது இரண்டு அரசுகளின் கையிலும் ஒத்துக்கொள்ளாத ஒவ்வொரு ஆள். விடவும் முடியவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. தீர்த்து வைத்தது ஆறுதான். மலையில் பனி உருகி வெள்ளம் புறப்பட்டபோது, அணையை எப்போது திறப்பது என்று இரு தரப்பும் பேசியே ஆகவேண்டி வந்தது. பேச உட்கார்ந்தவர்கள் போகிற போக்கில் இதையும் பேசினார்கள். ஒரே நாளில் இரண்டு நீதிமன்றங்களும் சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து, உடனே நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்று உத்தரவிட்டன.

அன்று குடைக்காரர் பத்திரப் பிரிவுக்கே வந்தார். நான்கெல்லைகளுக்கு நடுவே தலையை நீட்டி, "வாங்கம்மா," என்றார். "கைமாத்தும்போது ஒரு மொழிபெயர்ப்பாளர் வேணும். வேற ஆள் வேண்டாம்ங்கறார் அந்த நிருபர்."

பாலத்தின்மேல் காலைப் பனி. ஆறு கண்ணுக்குத் தெரியவில்லை. கீழே எங்கோ யாரோ போர்வைக்குள் புரள்வது போல ஓசை மட்டும் வந்தது. பாலத்தின் மறுமுனையும் தெரியவில்லை. இந்த முனையில் தடுப்புக்கு இப்பால் டீச்சர் நின்றார். நல்ல சேலை, பள்ளிக்குப் போகும் அதே பை. ஜீப்பிலிருந்து இறங்கிய நிருபர் மெலிந்திருந்தார். அவளைப் பார்த்துத் தலையசைத்தார், அந்தச் சொல்லுக்கு அசைப்பது போலவே. அவளுக்குச் சொல்ல நிறைய இருந்தது. ஆனால் அவர் வார்த்தையை எடுத்துச் சொல்லித்தான் பழக்கம். தன் வார்த்தையை அவரிடம் எப்படித் தொடங்குவது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. இருவரும் நடந்தார்கள். பக்கத்தில் குடைக்காரர்.

கைப்பிடிச் சுவர் தொடங்கும் மண்ணோரம், நாய் நின்ற இடமாகத்தான் இருக்க வேண்டும், ஒரு பலகை நட்டிருந்தது. புதுப் பலகை. பெயிண்ட் வாசனை பனியிலும் அடித்தது. அடியில் தோண்டிய மண் இன்னும் இறுகவில்லை. நம் மொழியில் மட்டும் எழுதியிருந்தது. நிருபர் நின்றார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்.

குடைக்காரர் ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் அம்மாவின் மொழியில் வாசித்தாள். இது பாதுகாக்கப்பட்ட இடம். இங்கே படம் எடுப்பது குற்றம். ஒவ்வொரு சொல்லாக, தலைவாரும்போது சிக்கெடுப்பது போல நிதானமாக வாசித்தாள். நிருபர் கடைசிவரை கேட்டார். பலகையைப் பார்த்தார், மண்ணைப் பார்த்தார். பிறகு ஏதோ சொல்லிவிட்டு, அவள் கையை ஒருமுறை பற்றிவிட்டு, பனிக்குள் நடந்தார். எதிரிலிருந்து இன்னோர் உருவம் வருவது மங்கலாகத் தெரிந்தது. நடையை வைத்தே தடுப்புக்கு இப்பாலிருந்த டீச்சர் அடையாளம் கண்டுவிட்டார். பை கீழே விழுந்த சத்தம் கேட்டது.

குடைக்காரருக்கு அக்கரை மொழி தெரியும். ஆனாலும் அவர் அவளைக் கேட்டார். "என்ன சொல்லிட்டுப் போறார்?"

அவள் இந்த முறை அவசரப்படவில்லை. நிருபர் பனியில் முழுவதும் மறையும்வரை காத்திருந்தாள்.

"இப்ப எனக்குத் தெரியும்," என்றாள்.

மழை இல்லை. குடைக்காரர் குடையை விரித்துத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஜீப்பை நோக்கி நடந்தார்.